ஓர் எழுத்துதானேன்னு விட்டுடாதீங்க



கொஞ்ச நாள் முன்னாடி ஓர் இணைய நூலகத்துல ஔவையார் நூல்களைத் தேடினேன். பெயரைத் தட்டினால், 'முடிவுகள் இல்லை' என்று வந்தது. ஔவையாருக்கே இந்த நிலையா! சந்தேகப்பட்டு, 'ஒ' போட்டு, பக்கத்தில் 'ள' போட்டுத் தேடினேன். வரிசையாக வந்து நின்றன. பதிவேற்றியவர் ஔ என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக ஒ, ள என்று இரண்டு எழுத்தை அடித்திருக்கிறார். நம் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள்.

மென்பொருளின் நிரலிலும் இதே கதைதான். 2011-ல், லினக்ஸ் மடிக்கணினிகளுக்கான 'பம்பிள்பீ' என்ற மென்பொருளை நிறுவும் நிரலில், ஒரு கோப்புறையின் முகவரிக்கு நடுவே தெரியாமல் ஒரு ஸ்பேஸ் விழுந்துவிட்டது. உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கோப்புறையை அழிக்க வேண்டிய கட்டளை, கணினியின் பெரும்பாலான நிரல்கள் இருக்கும் 'யூஎஸ்ஆர்' கோப்புறையையே அழிக்கும் கட்டளையாக மாறிப்போச்சு. சரிசெய்ய என்ன பண்ணினாங்க? அந்த ஸ்பேஸை எடுத்தாங்க. அவ்வளவுதான்.

இப்படிச் சத்தம் போடுகிற பிழையை யாரும் விட்டுவைக்க மாட்டாங்க. எனக்குப் பயம், சத்தமே போடாத பிழையைப் பார்த்துத்தான்.

ஓர் இணையப் பக்கத்தில் இருக்கும் இணைப்பைத் தொட்டு இன்னொரு தளத்துக்குப் போறீங்க. 'இவர் இந்தத் தளத்திலிருந்து வருகிறார்' என்று உங்கள் பிரவுசர் பெரும்பாலும் அந்தத் தளத்திடம் சொல்லும். அந்தத் தகவலுக்குப் பெயர் 'ரெஃபரர்'. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் நடுவே இரண்டு 'ஆர்' வரணும். முன்மொழிந்தவர் ஒன்றை விட்டுவிட்டார். 1996-ல் வந்த எச்டிடிபி 1.0 ஆவணத்திலும் பிழை அப்படியே ஏறியது. அதை நம்பி உலகம் முழுக்க மென்பொருள்கள் எழுதியாச்சு. இனி திருத்தினால், பழைய மென்பொருள்களுக்கு அந்தத் தகவல் புரியாது. 2022-ல் வந்த எச்டிடிபி ஆவணத்திலும் அதே தப்பான எழுத்துதான். இதில் வேடிக்கை, பின்னால் வந்த 'ரெஃபரர் பாலிசி' என்ற அமைப்புக்குச் சரியான எழுத்து. இன்று நிரல் எழுதுபவர் சரி, தப்பு ரெண்டையும் நினைவில் வைக்கணும்.

முதல் வாரத்தில் ஒருவர் சொல்லியிருந்தால், ஓர் எழுத்தோடு முடிந்திருக்கும்.

இப்போ நம்ம போனுக்கு வருவோம். ஒரு விண்ணப்பத்தில் 'தந்தை பெயர்' என்ற இடத்தில் ஐகாரக் குறி விட்டுப்போச்சுன்னு வைங்க. அது 'தந்த பெயர்' ஆகிடும். சிலர் தங்கள் பெயரையே போடுவாங்க. பிழை ஒன்று. ஆனா அதை நம்பி நிரப்பின விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகத் திருத்தணும்.

அதனால, கண்ணில் பட்ட அன்றே சொல்லுங்க. 'ஆப் சரியில்லை' என்று ஒரு ஸ்டார் கொடுத்தால், எதைத் திருத்துவது என்று எங்களுக்குத் தெரியாது. ஸ்கிரீன்ஷாட் ஒன்று எடுங்க. அதில் ஆதார் எண், ஓடிபி இருந்தால் மறைச்சுடுங்க. எந்தப் பொத்தானைத் தொட்ட பிறகு வந்தது, தமிழ்ப் பக்கமா, ஆங்கிலப் பக்கமா என்று ஒரு வரி எழுதி, அந்தச் செயலியில் இருக்கும் 'கருத்து' பகுதியில் அனுப்புங்க.

திரையில் வரும் தமிழை அடிக்கிறவர்களில் நானும் ஒருத்தி. என் பிழையாக இருந்தாலும் தயங்காம அனுப்புங்க.