சின்ன பாட்டிலில் தீபாவளி



தீபாவளி நெருங்கும்போதே அலுவலகங்களில் ஸ்வீட் பெட்டிப் பேச்சு ஆரம்பித்துவிடும். யாருக்கு அரைக் கிலோ, யாருக்குக் கால் கிலோ, போன வருஷம் அவர்கள் நமக்கு என்ன கொடுத்தார்கள் என்று பட்டியல் போட்டு வாங்குகிறோம். பக்கத்து ஃபிளாட்டுக்கும் இதே கணக்குத்தான். பண்டிகை முடிவதற்குள் ஒரு வீட்டில் பிரிக்காத பெட்டி இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கொடுத்தவருக்கும் சந்தோஷம் இல்லை, வாங்கியவருக்கும் இல்லை.

கையால் செய்து கொடுக்கிற பரிசு ஒன்றைப் பற்றி இன்று பேசுகிறேன். தீபாவளி லேகியம். பல வீடுகளில் தீபாவளி மருந்து என்று சொல்வார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்ததும், பலகாரத்தில் கை வைப்பதற்கு முன்னால், வீட்டுப் பெரியவர்கள் சின்ன நெல்லிக்காய் அளவு உருட்டி உள்ளங்கையில் வைப்பார்களே, அதேதான். அக்கம்பக்கத்தாருக்கும் உடன் வேலை பார்ப்பவர்களுக்கும் கொடுக்க இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியவில்லை.

முதல் காரணம், இது வேண்டிய நேரத்தில் வருகிறது. ஐப்பசி அடைமழைக் காலம். சளி, இருமல் வீட்டுக்கு வீடு இருக்கும். அதோடு முறுக்கும் அதிரசமும் லட்டும் இரண்டு நாளைக்கு ஓயாமல் உள்ளே போகும். எட்டு இனிப்புப் பெட்டிகள் வந்து சேர்ந்த வீட்டில் ஒன்பதாவது பெட்டிக்கு மதிப்பில்லை. அந்த எட்டையும் செரிக்க வைக்கிற சிறு பாட்டிலுக்கு இருக்கிறது.

செய்முறையைச் சொல்கிறேன், கைத்திறன் எங்கே வேலை செய்கிறது என்று புரியும். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, ஓமம், சீரகம், தனியா, கொஞ்சம் சித்தரத்தை, கொஞ்சம் அதிமதுரம். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு இந்தப் பட்டியல் கொஞ்சம் மாறும். நாட்டு மருந்துக் கடையில் லேகியச் சாமான் என்று கேட்டால் அளவாகக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு மயிலாப்பூர் கச்சேரி சாலையில் உள்ள டப்பா செட்டி கடையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சாமான்களை வெறும் வாணலியில் வாசனை வரும் அளவுக்கு மட்டும் வறுக்க வேண்டும். கருகினால் கசப்பு ஏறிவிடும். சுக்கைத் தட்டிப் போட்டு எல்லாவற்றையும் அரைத்து, மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். இந்தச் சலிப்பில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். நாக்கில் நரநரக்கிற லேகியத்தை யாரும் இரண்டாம் முறை தொட மாட்டார்கள்.

150 கிராம் பொடிக்கு 300 கிராம் வெல்லம் சரியாக இருக்கும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, மண் போக்கி, அடிகனமான பாத்திரத்தில் கொதிக்க விடுங்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் கருப்பட்டி போடுவார்கள். நிறமும் மணமும் இன்னும் ஆழமாக இருக்கும். பாகு கெட்டிப்படுவதற்கு முன்பே, தீயைக் குறைத்துவிட்டு, பொடியை ஒரு கையால் தூவி மறு கையால் கிளற வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். நல்லெண்ணெயும் நெய்யும் மாற்றி மாற்றிக் கரண்டி கரண்டியாக விட்டுக் கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் கலவை பாத்திரத்தை விட்டுச் சுருண்டு திரளும். ஓரத்தில் நெய் பிரிந்து நிற்கும். கொஞ்சம் எடுத்து ஆற வைத்து உருட்டிப் பாருங்கள், விரலில் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். இன்னும் இரண்டு கிளறு கிளறலாமே என்று நினைக்கிற அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும், ஏனென்றால் ஆறும்போது லேகியம் தானாக இறுகும். தவறவிட்டால் மறுநாள் ஸ்பூன் இறங்காது. தேனை நன்றாக ஆறிய பிறகே சேர்க்க வேண்டும்.

இந்த அளவில் அரைக் கிலோவுக்குக் குறையாமல் வரும். நாற்பது கிராம் பிடிக்கிற பாட்டிலில் போட்டால் ஒரு டஜன் பேருக்குக் கொடுக்கலாம். ஒரு கிலோ நெய் இனிப்பு வாங்குகிற காசுக்குள் முடிந்துவிடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வெல்லம் ஆகாது. அவர்களுக்கு அங்காயப் பொடி செய்து கொடுங்கள். சுண்டைக்காய் வற்றல், வேப்பம்பூ, சுக்கு, மிளகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை போதும். அவர்களை நினைத்துத் தனியாகச் செய்திருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கைவேலைப் பரிசு என்றாலே பாட்டிலுக்குப் பெயிண்ட் அடித்து, ஜிகினா ஒட்டி, சம்கி வைக்கிற பழக்கம் இப்போது வந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நல்ல பரிசு ஒரு மாதத்தில் தீர்ந்துவிட வேண்டும். வாங்கியவர் தலையில் துடைக்கிற வேலையைக் கட்டக் கூடாது. வீட்டில் காலியான சின்ன பாட்டில் எதுவானாலும் கொதிநீரில் கழுவி வெயிலில் காய வைத்தால் போதும். ஈரம் மட்டும் இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் கவர் வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. 2021-இல் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் ஆரம்பித்தது. பழைய வேட்டியில் கிழிசல் இல்லாத பகுதியை வெட்டி நாடா கோர்த்தால் அழகான சுருக்குப்பை.

இனி எனக்கு முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். அலுவலகத்தில் மேலதிகாரிக்கு விலை உயர்ந்த பரிசு கொடுத்தால் பேச்சு வரும்; மலிவானதைக் கொடுக்க நமக்கே கூச்சம். லேகியத்தில் அந்தச் சங்கடமே இல்லை. மேலாளர் மேசையில் வைக்கிற அதே பாட்டிலைத்தான் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கும், தரை துடைக்கும் அக்காவுக்கும் கொடுக்கிறீர்கள். எடை ஒன்று, துணி ஒன்று. திருப்பி என்ன கொடுப்பது என்ற தவிப்பும் அவர்களுக்கு இல்லை. பலகாரம் வந்த தட்டை வெறுமனே திருப்பாமல் ஒரு பிடி சர்க்கரை போட்டு அனுப்புகிற வழக்கம் நம் தெருக்களில் இருந்தது. ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சித் தூக்கு வரும், கிறிஸ்துமஸுக்குக் கேக்கு வரும், அதுவும் இந்தக் கணக்கில்தான் ஓடியது. ஒரு பிடி சர்க்கரைக்கு மேல் யாரும் எதிர்பார்க்கவில்லை. வாசல் எண்ணை மட்டும் வைத்துப் பழகும் அடுக்குமாடிகளில் அந்தப் போக்குவரத்தை மறுபடி தொடங்கிவைக்க லேகியம் போன்ற சின்னப் பொருளால் முடியும் என்று நம்புகிறேன்.

பாட்டிலில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். என்னென்ன சேர்த்தது, செய்த தேதி, ஒரு தடவைக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். கர்ப்பிணிகளும், தினமும் மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடட்டும் என்ற வரியும் இருக்கட்டும். பண்டிகைக்கு மூன்று நாள் முன்பே கிளறிவிட்டால் காரம் அடங்கி ருசி கூடிவரும். லீவுக்கு முந்திய நாள் காலையிலேயே கொடுத்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் பாதிப் பேர் ஊருக்குப் பஸ் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். பையில் நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள், நெய் கசியும்.