கொடையும் கால்பந்தும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் பொறுப்பாளர்கள் சிலர் பொன்னமராவதியில் என் இல்லத்துக்கு வந்திருந்தார்கள். வணிகப் பெருமகனார் ஒருவர் அறக்கட்டளைக்குப் பெருந்தொகை ஒன்றைத் தர முன்வந்திருக்கிறார் என்றும், அவர் இளமையில் கால்பந்து ஆடியவராதலால் ஒரு கல்லூரியின் கால்பந்து அணியைப் புரக்க வேண்டும் என்பது அவர் விருப்பம் என்றும் சொன்னார்கள். உடன் வந்த பெரியவர் ஒருவருக்கு அதில் மனம் ஒப்பவில்லை. "ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்று நமக்குத் தானம் நான்கு. பந்து உதைப்பது இவற்றுள் எதில் அடங்கும்?" என்று கேட்டார். அன்று நான் விடை சொல்லவில்லை. இன்று சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஓர் ஒப்புதல். நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன். தேர்வு நெருங்கும்போது விளையாட்டுப் பாடவேளையைக் கேட்டு வாங்கி அதில் இலக்கணம் நடத்திய குற்றவாளிகளுள் நானும் ஒருவன். ஆகவே விளையாட்டைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி குறைவு. ஆயினும் ஒரு மாணவனை முன்னிட்டுப் பேசக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். தந்தை அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். மகனுக்கு இடக்கால் ஆட்டம். எங்கள் பள்ளி மைதானத்தில் ஒரு பக்கம் கருவேல முள், மறுபக்கம் சரளைக்கல். அதில் வெறுங்காலோடு ஆடியே மாவட்டப் போட்டி வரை சென்றான். பன்னிரண்டாம் வகுப்பில் நடுத்தர மதிப்பெண்தான். வெளியூர்க் கல்லூரி ஒன்று விளையாட்டு ஒதுக்கீட்டில் அவனுக்கு இடம் கொடுத்தது. கட்டணம் இல்லை, விடுதி இலவசம், உணவும் இலவசம். அவ்வளவையும் ஒரு செல்வர் ஏற்றிருந்தார். "போடா, தயங்காதே" என்று அனுப்பி வைத்தவன் நான். சேர்க்கைத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்காமல் அனுப்பி வைத்தேன்.

இரண்டாம் ஆண்டில் ஓர் ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தது. மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. அவன் இப்போது அணியில் இல்லை. ஆகவே விடுதிக் கட்டணத்தையும் கல்விக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். நானும் அவன் தந்தையும் பேருந்தேறிச் சென்றோம். அலுவலகத்தில் இருந்தவர் கொடியவர் அல்லர். எங்களை உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்து, பட்டியலைக் காட்டினார். பதினெட்டுப் பெயர்கள். கொடையாளர் பணம் தருவது அணிக்கு. அணியில் இருப்பவர் இந்தப் பதினெட்டுப் பேர். இவன் இடத்தில் வேறொரு பையனின் பெயர் இருந்தது. அந்தப் பையனும் ஏழைதான். அதன் பிறகு நான் என்ன வாதாடுவது?

அவன் ஊர் திரும்பி லாரிப் பட்டறையில் சேர்ந்தான். எட்டு ஆண்டுகள் கழித்துத் தொலைநிலைக் கல்வியில் பட்டத்தை முடித்தான். இன்றும் சந்தையில் எதிர்ப்பட்டால், "ஐயா, நல்லா இருக்கீங்களா?" என்று நின்று கேட்டுவிட்டு, காலைச் சற்றே இழுத்தபடி நடந்து போகிறான்.

கல்லூரி அணிகளைச் செல்வர் புரப்பது நம் நாட்டில் புதிது. அமெரிக்காவில் மிகப் பழையது. அந்நாட்டில் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் போட்டி 1852ஆம் ஆண்டு ஹார்வர்டு, யேல் கல்லூரி மாணவர்கள் நடத்திய படகுப் போட்டி. அதற்குச் செலவழித்தது ஒரு ரயில் நிறுவனம். அந்த ஏரிக்குப் பயணிகளை வரவழைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். பிறக்கும்போதே வணிகத்தின் மடியில் பிறந்துவிட்டது அந்த விளையாட்டு.

அவர்கள் கால்பந்து என்று அழைப்பது நம் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் முரட்டு ஆட்டம் அது. அதற்காகச் செல்வர் கொட்டும் பணம் நம் கற்பனைக்கு எட்டாதது. எண்ணெய் வணிகத்தில் செல்வம் சேர்த்த பூன் பிக்கன்ஸ் என்பவர், தாம் படித்த ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்கு 2005ஆம் ஆண்டில் ஒரே தவணையில் 16 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்தார். விளையாட்டரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் பின்னர்க் கல்விக்கும் 10 கோடி டாலர் கொடுத்தார் என்பதையும் சொல்வதுதான் நியாயம்.

ஆனால் இப்படிப்பட்ட கொடை எங்கெல்லாம் கொண்டுபோய் விடும் என்பதற்கும் அதே நாடு சாட்சி. டெக்சாஸில் தெற்கு மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் என்று ஒன்று உண்டு. அதன் செல்வந்த ஆதரவாளர்கள் விதிகளை மீறி ஆட்டக்காரர்களுக்கு மறைவாகப் பணம் கொடுத்து வந்தார்கள். அது வெளிப்பட்ட பிறகும் நிறுத்தவில்லை. 1987ஆம் ஆண்டு அந்தப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பருவம் முழுவதையுமே விளையாட்டுச் சங்கம் தடை செய்தது. பணம் தொடர்ந்து கொடுக்கப்பட்டது ஆட்சிக்குழுவுக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்டவர், முன்பு அக்குழுவின் தலைவராக இருந்து, அப்போது அம்மாநிலத்தின் ஆளுநராகவே வீற்றிருந்த பில் கிளெமென்ட்ஸ்! 2021ஆம் ஆண்டுக்குப் பிறகு ஆட்டக்காரர் தம் பெயரையும் புகழையும் கொண்டு பொருள் ஈட்டலாம் என்று விதி தளர்ந்தது. கொடையாளர்கள் கூட்டுச் சேர்ந்து அந்த வழியாக வெளிப்படையாகவே பணம் தருகிறார்கள். உழைப்பவன் கூலி பெறுவதை நான் குறை சொல்லேன். 2023இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் பயிற்சியாளரைப் பணி நீக்க வேண்டி ஏறத்தாழ ஏழரைக் கோடி டாலருக்கும் மேல் தர ஒப்பியதே, அதுதான் எனக்கு விளங்கவில்லை. ஒருவர் வேலை செய்யாதிருப்பதற்கு அவ்வளவு பணம்! கொடையாளர் நிதியும் அதற்குக் கைகொடுத்தது.

இன்னொரு செய்தி. பல பல்கலைக்கழகங்களில் கொடை கொடுத்தால்தான் நல்ல இருக்கைக்குச் சீட்டு வாங்கும் உரிமை கிடைக்கும். அந்தக் கொடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு வரி விலக்கும் உண்டு என்று நெடுநாள் சட்டம் இருந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம்தான் அதை நீக்கியது. இருக்கையைப் பெற்றுக்கொண்டு கொடுப்பதைத் தமிழில் கொடை என்று சொல்வதில்லை. விலை என்று சொல்வோம்.

நான் அந்நாட்டு வரலாற்றைத் தேடிப் படித்ததற்குக் காரணம் என் மாணவனின் முழங்கால். அங்கே 1973ஆம் ஆண்டில் விளையாட்டு உதவித்தொகையை ஓராண்டுக்கு மட்டுமே உரியதாக மாற்றினார்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பயிற்சியாளர் விரும்பாவிட்டால் இல்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. 2012ஆம் ஆண்டுவாக்கில்தான் பல்லாண்டு உதவித்தொகைக்கு வழிவிட்டார்கள். 2015இல் பெரிய கூட்டமைப்புகள், ஆட்டத்திறன் குறைந்தது என்ற காரணத்துக்காக உதவித்தொகையைப் பறிக்கக் கூடாது என்று விதி செய்தன. எங்கள் ஊர்ப் பையன் பட்ட பாட்டை அங்கே எத்தனையோ பையன்கள் பட்டிருக்கிறார்கள் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

நம் பக்கத்துச் செல்வர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொன்னமராவதியை ஒட்டிய மேலைச்சிவபுரியில் 1909ஆம் ஆண்டிலேயே சன்மார்க்க சபை தோன்றியது. பண்டிதமணி கதிரேசஞ் செட்டியார் அதன் உயிர். நகரத்தார் பொருள் அதன் உடல். அங்கே எழுந்த கணேசர் செந்தமிழ்க் கல்லூரி இன்றும் தமிழ் கற்பிக்கிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 1947இல் கல்லூரி தொடங்கினார். மைய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர வேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். அந்த ஆய்வகத்தின் பெயரில் செட்டியாரின் பெயர் இல்லை. அவர் பெயரைத் தாங்கிய நிறுவனங்களுள் உடற்கல்விக் கல்லூரியும் ஒன்று. ஆகவே, விளையாட்டுக்குக் கொடுப்பது நம் வட்டாரத்துக் கொடை மரபுக்குப் புறம்பானது என்று யாரும் எண்ண வேண்டா.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். மதுரையைச் சேர்ந்த சேது கால்பந்துக் கழகம் 2016இல் தொடங்கியது. பொறியியல் கல்லூரி நடத்துவோரின் ஆதரவில் வளர்ந்த மகளிர் அணி அது. மூன்றே ஆண்டுகளில், 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் காவல்துறை அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையைக் கைப்பற்றியது. அதற்கு முந்தைய ஆண்டில் தமிழ்நாட்டு மகளிர் அணி தேசியப் போட்டியில் வென்றதும் அதே மணிப்பூரைத்தான். மகளிர் கால்பந்தில் மணிப்பூரை வெல்வது எத்துணை அரிது என்பதை ஆட்டம் அறிந்தவர்கள் அறிவார்கள். கொடுக்கும் கையும் கல்லூரி வாயிலும் திறந்தால் நம் பெண்கள் எதைத்தான் செய்யமாட்டார்கள்!

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன்.

புதுக்கோட்டைக்காரனாகிய நான் சித்தன்னவாசலைச் சொல்லாமல் உங்களிடமிருந்து விடைபெற முடியுமா? ஏழடிப்பட்டத்துக் குகையில் பதினேழு கற்படுக்கைகள் இருக்கின்றன. ஈராயிரம் ஆண்டுப் பழமை கொண்ட தமிழி எழுத்தில், இன்ன ஊரில் பிறந்த இன்ன துறவிக்கு இன்னார் செய்து கொடுத்த இருக்கை என்று ஒரு படுக்கையில் வெட்டியிருக்கிறார்கள். கொடுத்தவர் பெயர் இருக்கிறது. பெற்றவர் பெயரும், அவர் பிறந்த ஊரும் அதற்கு முன்பாகவே இருக்கின்றன. கீழே அறிவர் கோயிலைப் பாண்டியர் காலத்தில் புதுப்பித்தவர் இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர். ஆசிரியர் ஒருவர் அங்கே கொடையாளராக இருப்பது எனக்குத் தனிப்பட்ட பெருமை. நம் கல்லூரிகளின் பளிங்குப் பலகைகளில் கொடுத்தவர் பெயர் மட்டுமே பொறித்திருக்கிறது; பெற்ற பிள்ளையின் பெயர் இல்லை. அலுவலகப் பட்டியலில் இருக்கிறது, அதையும் அழித்து எழுதுகிறார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. அந்தப் பெருமகனார் கால்பந்துக்கே கொடுக்கட்டும். ஆனால் பணம் அணிக்குப் போக வேண்டா. ஆடும் மாணவருக்குப் பெயர் குறித்துப் போகட்டும். முதலாண்டில் சேர்த்துக்கொண்ட பிள்ளைக்குப் பட்டம் பெறும் வரை, ஆடினாலும் ஆடாவிட்டாலும், கட்டணமும் விடுதியும் நிற்காது என்று ஆவணத்தில் எழுத வேண்டும். காயம் பட்டால் சிகிச்சைச் செலவு, அறுவை சிகிச்சை உட்பட, இதே நிதியிலிருந்து. இதற்காகப் பதினெட்டுப் பேருக்குப் பதில் பன்னிரண்டு பேரைத்தான் ஏற்க முடியும் என்றால் பன்னிரண்டு பேர் போதும். அவர்களுள் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். பலகையில் அவர் பெயரை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பில்லை.

விடுதிச் சோறு ஆகாரம். முழங்காலுக்கு மருந்து ஔடதம். பட்டப்படிப்பு சாத்திரம். "உன்னைக் கைவிட மாட்டோம்" என்று எழுதிக் கொடுக்கும் தாள் அபயம். அபயம் என்பதற்கு உங்கள் நூல்கள் கூறும் பொருள் இதனினும் மிகப் பெரியது என்பதை அறிவேன். ஓர் உயிரும் நம்மால் அஞ்சக் கூடாது என்பது அது. இலக்கணப்படி நான் சொன்னது பொருந்துமா என்பதை இங்குள்ள அறிஞர்கள் முடிவு செய்யட்டும். கடிதம் வந்த அன்று அந்தப் பையனின் முகத்தில் நான் கண்டது அச்சமே என்பது மட்டும் எனக்கு உறுதி.

ஆவணத்தின் வாசகத்தை வழக்கறிஞர்தான் எழுத வேண்டும். ஆனால் அதைப் படிக்கும் தகப்பன் மூட்டை தூக்குகிறவராக இருக்கலாம். அவருக்கும் விளங்கும் தமிழில் அதை எழுதித் தர நான் அணியமாக இருக்கிறேன். பொறுப்பாளர்கள் சொல்லியனுப்பினால் போதும்.