ஒரு டாலர் இன்சுலினும் உழைப்பவர் உடலும்

(தில்லியில் வாழும் தமிழ்த் தோழர்களுக்கான கட்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் அல்லன். கட்சி ஆவணங்களைத் தமிழாக்கம் செய்பவன். இந்தத் தலைப்பில் பேச எனக்குள்ள தகுதி ஒன்றுதான்: பதினொரு ஆண்டுகளாக நான் நீரிழிவு நோயாளி. அவற்றுள் முதல் நான்கு ஆண்டுகள் அதை உங்களிடமிருந்து மறைத்தே வாழ்ந்தேன். மருந்தையும் ஒழுங்காக உட்கொள்ளவில்லை. மாநாட்டு நகல் தீர்மானம் ஒன்றை இரவோடிரவாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது எழுத்துகள் மங்கின. வயதின் கோளாறு என்று கருதிக் கண்ணாடியை மாற்றினேன். ஆறு மாதங்களில் மீண்டும் மாற்றினேன். மூன்றாம் முறை ஒரு கண் மருத்துவர் விழித்திரையைச் சோதித்துவிட்டு, "கோளாறு கண்ணாடியில் இல்லை, உங்கள் இரத்தத்தில் இருக்கிறது" என்றார். லேசர் சிகிச்சை எஞ்சியிருந்த பார்வையைக் காத்தது. இழந்தது திரும்பவில்லை.

ஏன் மறைத்தேன்? 'பணக்கார வியாதி' என்ற சொல்லுக்கு அஞ்சித்தான். முழுநேர ஊழியன் ஒருவனுக்கு உண்டு கொழுத்தவர்களின் நோய் வந்துவிட்டதே என்ற கூச்சம் அது. அந்தக் கூச்சம் அறியாமையின் குழந்தை என்பதை இன்று சொல்ல விரும்புகிறேன்.

இது யாருடைய நோய்?

'நீரிழிவு' என்ற பழைய பெயர் அறிகுறியை மட்டுமே கூறுகிறது: நீர் மிகுதியாகக் கழிந்து உடல் நலிவது. 'டயாபடீஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் ஊடே கடந்து செல்வது என்பதே பொருள். பேச்சு வழக்கில் வந்த 'சர்க்கரை வியாதி'யோ நோயாளியின் நாக்கின்மீது பழியைச் சுமத்துகிறது. 'பணக்கார வியாதி' என்பது அதனினும் பெரிய பொய்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடைபெற்று 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் முன்நிலையில் இருப்பதாகவும் மதிப்பிட்டது. நகரங்களில் 16.4 விழுக்காட்டினருக்கும், கிராமங்களில் 8.9 விழுக்காட்டினருக்கும் நோய் உள்ளது. ஆனால் முன்நிலையில் இருப்போர் நகரத்தில் 15.4 விழுக்காடு, கிராமத்தில் 15.2 விழுக்காடு. அதாவது நாளைய நோயாளிகளைப் பொறுத்தவரை நகரம், கிராமம் என்ற வேறுபாடு ஏறத்தாழ மறைந்துவிட்டது.

இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடிய பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு, ஐந்தாம் வகை நீரிழிவு என ஒன்றை முறைப்படி ஏற்றுக்கொண்டது. இளமையில் நேர்ந்த ஊட்டச்சத்துக் குறைவால் கணையம் போதிய இன்சுலினைச் சுரக்க இயலாமல் போவதே இந்நோய். மெலிந்த, வறிய இளைஞர்களையே இது பெரிதும் தாக்குகிறது. 1985இல் உலக சுகாதார நிறுவனம் இதனைத் தனி வகையாக ஏற்றது. சான்று போதாது என்று 1999இல் பட்டியலிலிருந்து நீக்கியது. மீண்டும் ஏற்கச் செய்ததில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பசியே நீரிழிவை உண்டாக்கும் என்றால், பணக்கார வியாதி என்ற பேச்சுக்கு எங்கே இடம்?

பெருவாரியானோருக்கு வருவது இரண்டாம் வகை. பரம்பரை அதற்கு ஒரு காரணம். வாழ்க்கை நிலைமை மற்றொரு காரணம். தீட்டிய அரிசியும் மாவும் மட்டுமே வயிற்றை நிரப்பும் ஊதியம், பருப்பும் காய்கறியும் எட்டாத விலை, உறக்கத்தைக் குலைக்கும் இரவுப் பணி, உட்கார்ந்தபடியே கழியும் பன்னிரண்டு மணி நேர வேலை ஆகியவை எவருடைய தனிப்பட்ட விருப்பத்தாலும் அமைந்தவை அல்ல.

ஓசையின்றி நடக்கும் அழிவு

இந்நோயின் சூழ்ச்சி அதன் மௌனம். இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை பல ஆண்டுகள் வலியின்றியே நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைக்கிறது. விழித்திரை, சிறுநீரகம், நரம்பு என ஒவ்வொன்றாகப் பழுதுறுகின்றன. பெரிய குழாய்கள் அடைபடும்போது மாரடைப்பும் பக்கவாதமும் வருகின்றன. காசநோய்க்கு ஆளாகும் வாய்ப்பும் இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது.

உழைப்பவரைப் பொறுத்தவரை பாதம் மிக முக்கியமானது. நரம்பு மரத்துப்போனால் ஆணி குத்துவதும் தெரியாது, செருப்பு கடிப்பதும் தெரியாது. கட்டட வேலையில் காலில் பட்ட சிறு காயம் புண்ணாகி, புண் அழுகி, காலையே வெட்டி எடுக்கும் நிலை வருகிறது. கால் போனால் கூலியும் போகிறது. ஒழுங்காகச் சோதித்து, மருந்தை விடாமல் உட்கொண்டால் இவற்றுள் பெரும்பகுதியைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும்.

விடாமல் என்பதே இங்கு முதன்மையானது. 2025 ஜூன் மாதத்தில் ஜங்புராவின் மதராசி முகாம் இடிக்கப்பட்டது. தகுதியுடையோர் என்று ஏற்கப்பட்ட நம் குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. வீட்டை இடிக்கும்போது பழகிய மருத்துவமனை, மாதாந்திர மாத்திரை, இரண்டு வீட்டு வேலை என்ற தொடர்ச்சியும் சேர்ந்தே அறுகிறது. குடியிருப்பு உரிமைக்கான போராட்டம் மருத்துவ உரிமைக்கான போராட்டமும் ஆகும்.

மருந்து உண்டு, யாருக்கு?

1921இல் டொரண்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. 1923இல் பான்டிங், பெஸ்ட், காலிப் ஆகியோர் அதன் காப்புரிமையைத் தலா ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். நூறாண்டுகளுக்குப் பின் உலக இன்சுலின் சந்தையின் மிகப் பெரும்பகுதி மூன்றே நிறுவனங்களின் கையில் இருக்கிறது.

புதிய மருந்துகள் மெய்யான முன்னேற்றமே. எம்பாக்ளிஃப்ளோசின் மிகுதிச் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதோடு இதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கிறது. செமாக்ளூடைட், டிர்செபடைட் ஆகியவை குடல் சுரக்கும் ஹார்மோன்களைப் போலச் செயல்பட்டு இன்சுலினைத் தூண்டுகின்றன, பசியைக் குறைக்கின்றன. இவ்வகை மருந்துகளை 2025இல் உலக சுகாதார நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. முதல் வகை நோயாளிகளுக்கு ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய செல்களைச் செலுத்திய தொடக்கக் கட்டச் சோதனையில், முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டுக்குப் பின் இன்சுலின் ஊசியின்றி வாழ்ந்தனர். எனினும் உடல் அச்செல்களை நிராகரிக்காதிருக்க அவர்கள் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும்.

இனி விலையைப் பாருங்கள். டிர்செபடைட் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்தபோது தொடக்க அளவுக்கே மாதம் 14,000 ரூபாய். எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரை ஒன்று ஏறத்தாழ 60 ரூபாய்க்கு விற்றது. 2025 மார்ச்சில் அதன் காப்புரிமை முடிந்தவுடன் சில நிறுவனங்கள் பத்து ரூபாய்க்கும் குறைவாக அதைக் கொண்டுவந்தன. மருந்து அதே மருந்துதான். இடையிலிருந்த ஐம்பது ரூபாயில் பெரும்பகுதி ஏகபோகத்தின் கப்பம்.

1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை. செய்முறைக்கு மட்டுமே தந்தது. உலக வர்த்தக அமைப்பின் நிர்ப்பந்தத்தால் 2005இல் அது திருத்தப்பட்டபோது, இடதுசாரிகள் நாடாளுமன்றத்தில் போராடிப் பாதுகாப்புகளை இடம்பெறச் செய்தனர். பழைய மருந்தைச் சிறிது மாற்றிப் புதிய காப்புரிமை பெறுவதைத் தடுக்கும் 3(டி) பிரிவு அச்சட்டத்தின் அரண். 2013இல் நோவார்ட்டிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. சட்டத்தில் வென்றதை வர்த்தக ஒப்பந்தங்களின் வழியே இழந்துவிடாமல் காப்பது நம் பொறுப்பு.

ஒன்றிய அரசு பெருமை பேசும் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, மருத்துவமனையில் படுத்தவருக்கே உதவும். நீரிழிவோ படுக்கும் நோய் அன்று. மாதந்தோறும் மாத்திரை வாங்கும் நோய். காலை வெட்டக் காப்பீடு உண்டு, காலைக் காக்கும் மாத்திரைக்கு இல்லை! 2017ஆம் ஆண்டின் சுகாதாரக் கொள்கை, 2025க்குள் அரசின் சுகாதாரச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாகும் என்றது. 2021-22 கணக்கின்படி, கொரோனாக் காலச் செலவையும் சேர்த்தே, அது 1.84 விழுக்காடு.

நாம் செய்ய வேண்டியவை

ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனை, இன்சுலின், புதிய மாத்திரைகள் ஆகியவை இலவசமாகக் கிடைக்க வேண்டும். நியாயவிலைக் கடைகளில் பருப்பும் சிறுதானியமும் வழங்கப்பட வேண்டும். பொதுத்துறை மருந்து ஆலைகளுக்கு உயிரூட்ட வேண்டும். இக்கோரிக்கைகளை நம் கிளைகள் தெருவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இறுதியாக, உங்களிடம் தனிப்பட்ட வேண்டுகோள். முப்பது வயதைக் கடந்த ஒவ்வொரு தோழரும் இம்மாதமே சர்க்கரையைச் சோதியுங்கள். நோய் இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையையும் சிறுநீரகத்தையும், அன்றாடம் பாதத்தையும் பாருங்கள். இன்சுலினை நிறுத்திவிட்டு மூலிகைப் பொடியை நம்பாதீர்கள். கூட்டத்திற்கு ஐந்து கோப்பை இனிப்புத் தேநீர் என்ற நம் வழக்கத்தையும் மாற்றுவோம். நேரத்திற்கு உண்ணத் தோழர்களை அனுப்புவோம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, மறைக்காதீர்கள். நான் மறைத்த நான்கு ஆண்டுகளின் விலையை, இவ்வுரையின் குறிப்பைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுப் படிக்கும் இந்த நேரத்திலும் செலுத்திக்கொண்டிருக்கிறேன்.