மாட்டேன் என்னும் மறுமொழி
(காதற் புதினங்கள் பற்றிப் படிப்பாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



காதற் புதினம் என்ற சொல்லைக் கேட்ட அளவிலே முகஞ்சுளிப்பவர் ஒருசாரார்; அதனையன்றி வேறொன்றும் படியாதவர் மற்றொரு சாரார். முன்னவர் படியாமலே பழிக்கின்றனர். பின்னவர் எண்ணாமலே படிக்கின்றனர். இவ்விருவர்க்கும் இடையே நின்று, படித்தபின் எடைபோட்டுப் பார்ப்பவர் மிகச் சிலரே. காதலை இலக்கியப் பொருளின் ஒரு பாதியாகவே வகுத்து, அதற்கு இலக்கணமும் செய்துவைத்தவர் தமிழர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தைக் கற்ற ஒருவர், காதலைக் கூறுகின்றது என்ற ஒன்றற்காகவே ஒரு நூலை இழித்துரைத்தல் ஒல்லாது. எத்தகைய காதல், எவர்தம் காதல், எவ்வாறு கூறப்பட்ட காதல் என்று வினவுவதே கற்றோர்க்கு முறையாகும்.

அவ்வாறு வினவிப் பார்த்தற்கு ஆங்கிலமொழியில் தோன்றிய மூன்று காதற் புதினங்களை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, சேன் ஆசுட்டன் என்னும் அம்மையார் எழுதி 1813ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிரைடு அண்டு பிரெசுடிசு'. தமிழில் 'செருக்கும் முன்வெறுப்பும்' எனலாம். இரண்டாவது, அவ்வம்மையார் மறைந்தபின் 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'பெர்சுவேசன்'. 'இணங்கவைத்தல்' என்பது அதன் பொருள். மூன்றாவது, சார்லட் பிராண்டி என்பார் கரர் பெல் என்ற புனைபெயரில் 1847ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சேன் அயர்'. இவற்றை அடுத்தடுத்துப் படிப்பவர்க்கு ஓர் உண்மை தெற்றெனப் புலனாகும். தலைவி 'ஆம்' என்று கூறும் இடத்தையே படிப்பவர் பெரிதும் எதிர்நோக்குகின்றனர். ஆயின் அவள் 'மாட்டேன்' என்று கூறும் இடத்திலேதான் இப்புதினங்களின் உயிர்நிலை உள்ளது. மறுக்கும் உரிமை இல்லாதவள் தரும் இசைவுக்கு மதிப்பு ஏது?

அக்காலத்து ஆங்கிலப் பெண்ணின் நிலையை முதற்கண் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மணந்தவளின் பணமும் பிற பொருளும் கணவனுக்கே உரியவாக இருந்தன. 1870ஆம் ஆண்டிலும் 1882ஆம் ஆண்டிலும் பிறந்த சட்டங்களே அவளுக்குத் தன் உடைமையின்மீது உரிமை வழங்கின. 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், 21 அகவை நிரம்பாதவர் பெற்றோர் இசைவின்றி மணப்பதைக் கட்டுப்படுத்தியது. அச்சட்டம் இசுக்காத்துலாந்தில் செல்லாது. ஆகவே உடன்போகும் காதலர் எல்லை கடந்து கிரெட்னா கிரீன் என்னும் ஊர்க்கு ஓடுவாராயினர். பாலைநிலத்து உடன்போக்கைப் பாடிய தமிழர்க்கு இஃது அயலான செய்தி அன்று.

'செருக்கும் முன்வெறுப்பும்' என்னும் புதினத்தில் பென்னட் என்பார்க்கு மகளிர் ஐவர், மகன் இல்லை. ஆண்டுக்கு 2000 பவுண்டு வருவாய் தரும் நிலம், தந்தை மறைந்ததும் ஆண்வழி உறவினரான காலின்சு என்னும் பாதிரியார்க்குச் சென்றுவிடும். அக்காலின்சே இரண்டாம் மகள் எலிசபெத்தை மணக்க வருகின்றார். தாம் மணஞ்செய்தற்குரிய கரணியங்களை அவர் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கின்றார். அவற்றுள் ஒன்று, தமக்கு வாழ்வளித்த சீமாட்டியின் அறிவுரை! எலிசபெத்து மறுக்கின்றாள். அவரோ அம்மறுப்பை மறுப்பாகவே கொண்டாரல்லர். பெண்கள் முதலில் மறுப்பது வழக்கம். உள்ளத்தில் இசைவே இருக்கும் என்று தமக்குத்தாமே பொருள் விரித்துக்கொள்கின்றார். படிப்பவர் இவ்விடத்தில் நகைப்பர். ஆயின் நகைத்தபின் நின்று எண்ணுதல் வேண்டும். பெண் சொல்லும் சொல்லைச் சொல்லாகவே கொள்ளாத ஆடவரை நகைத்துவிட்டுக் கடந்துபோகும் வாய்ப்பு எல்லாப் பெண்களுக்கும் உண்டோ? இக்காலின்சின் வேட்கையைத் தமிழ்ப் புலவர் காண்பாராயின் கைக்கிளை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர்.

எலிசபெத்து மறுத்த அவரையே அவள் தோழி சார்லட் மணக்கின்றாள். அவளுக்கு அகவை 27, அழகில்லை, பொருளில்லை. காதலை நாடி அவள் மணக்கவில்லை. தங்குதற்கு ஒரு வீடு வேண்டி மணக்கின்றாள். படிப்பவருள் பலர் அவளை இகழ்வர். அது முறையன்று. மறுத்தற்கும் ஒரு நிலைக்களம் வேண்டும். நிற்பதற்கு இடமில்லாதவள் எதன்மேல் நின்று மறுப்பாள்? ஆசுட்டன் அம்மையார் அவளைப் பழிக்காது விட்டதிலேயே அவர்தம் பெருமை விளங்குகின்றது.

அடுத்து டார்சி வருகின்றார். ஆண்டு வருவாய் 10,000 பவுண்டு. அவரும் எலிசபெத்திடம் காதலை உரைக்கின்றார். உரைக்குங்கால் அவள் குடும்பத்தின் தாழ்வையும் கூடவே உரைக்கின்றார். அவள் சினந்து மறுக்கின்றாள். காலின்சுக்கும் டார்சிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வெளிப்படுகின்றது. டார்சி அம்மறுப்பைக் கேட்கின்றார். கேட்டுத் தம்மைத் திருத்திக்கொள்கின்றார். மீண்டும் அவளிடம் பேசும்போது, அவள் உள்ளம் மாறவில்லையாயின் ஒரு சொல் போதும், என்றைக்கும் வாய்திறவேன் என்கின்றார். இந்நூலைச் செல்வன் ஒருவனைப் பெற்ற பெண்ணின் கதையென்று கொள்வார் உளர். மறுப்பைக் கேட்கக் கற்றுக்கொண்ட ஆடவன் ஒருவனின் கதையென்று கொள்வதே பொருந்தும்.

இதனை எழுதிய கை, மறுத்தலின் விலையை அறிந்த கை. 1802ஆம் ஆண்டு திசம்பரில் செல்வர் வீட்டு இளைஞர் ஒருவர் ஆசுட்டனை மணக்கக் கேட்டார். மாலையில் இசைந்த அவர், மறுநாட் காலையில் அவ்விசைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பின்னர் அவர் மணக்கவேயில்லை. 1805ஆம் ஆண்டில் தந்தை மறைந்தபின் தாயோடும் தமக்கையோடும் உடன்பிறந்தார் துணையால் வாழ்ந்தார். உலகம் போற்றும் இப்புதினத்தின் உரிமையை அவர் விற்ற விலை 110 பவுண்டு. அவர் பெயர்கூட அதன் முகப்பில் இல்லை!

இரண்டாம் புதினத்தில் மறுத்தலே துன்பத்திற்கு வித்தாகின்றது. ஆன் எலியட் என்பாள் 19 அகவையில் வெண்டுவொர்த்து என்னும் கப்பற்படையாளரைக் காதலிக்கின்றாள். அவர்க்குப் பொருள் இல்லை. தாய்போன்ற இரசல் சீமாட்டி அறிவுரை கூறி, மணவுறுதியை முறிக்கச் செய்கின்றார். எட்டாண்டுகள் கழிகின்றன. அவர் 25,000 பவுண்டு ஈட்டித் திரும்புகின்றார். இவளோ 27 அகவையில் வாடி நிற்கின்றாள். 'மாட்டேன்' என்ற சொல் அவள் வாயில் பிறந்தது. அவள் நெஞ்சில் பிறக்கவில்லை. இரவல் மறுப்பும் இரவல் இசைவைப் போன்றே வாழ்வைக் கெடுக்கும் என்பதே இந்நூல் உணர்த்தும் பாடம். பிள்ளைகளின் நன்மையைக் கருதி அவர்களுக்காகத் தாமே முடிவெடுக்கும் பெற்றோர் இதனைப் படித்தல் வேண்டும். இரசல் சீமாட்டி கொடியவர் அல்லர், அன்புடையவர். அன்பினாலும் இத்தகைய கேடு நேரும்.

இந்நூலின் இறுதியில் ஓர் உரையாடல் வருகின்றது. பெண்களின் நெஞ்சம் நிலையற்றது என்பதற்கு நூல்களெல்லாம் சான்று என்கின்றார் ஒருவர். அந்நூல்களை எழுதிய எழுதுகோல் ஆடவர் கையில் அன்றோ இருந்தது என்று ஆன் விடையிறுக்கின்றாள். இவ்விடத்தில் தமிழ்ப் படிப்பாளர் ஒருகணம் தலைநிமிரலாம். ஔவையாரும் வெள்ளிவீதியாரும் பெண்ணின் காதலைப் பெண்ணே கூறிய பாடல்களைக் கழகநூல்களில் விட்டுச் சென்றுள்ளனர்.

மூன்றாம் புதினத்தின் தலைவி சேன் அயர் ஏதிலி, அழகற்றவள், செல்வர் வீட்டில் குழந்தைக்குப் பாடஞ்சொல்லும் ஆசிரியை. வீட்டுத் தலைவர் இராச்செசுட்டர் அவளைக் காதலிக்கின்றார், அவளும் காதலிக்கின்றாள். மணக்கோயிலில், அவர்க்கு முன்னரே மனைவி ஒருத்தி உயிரோடிருப்பது வெளிப்படுகின்றது. மணமின்றித் தம்மோடு வாழ வருமாறு அவர் இரக்கின்றார். காலின்சை மறுத்தல் எளிது; அவர்மேல் எவர்க்குக் காதல் வரும்? காதலித்தவனையே மறுப்பதுதான் அரிது. சேன் மறுத்து, எவரும் அறியாமல் வெளியேறுகின்றாள்; பசியால் பிச்சையும் கேட்கின்றாள். பின்னர்ச் சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியையாகித் தன் காலில் நிற்கின்றாள். அங்கே சமயப் பணிக்காக இந்தியாவிற்குச் செல்லவிருக்கும் இரிவர்சு என்பார், கடமையைக் காட்டி அவளை மணக்கக் கேட்கின்றார். பணிக்குத் துணையாக வருவேன், மனைவியாக வாரேன் என்று அவரையும் மறுக்கின்றாள். அறமில்லாக் காதலுக்கும் இசையவில்லை. காதலில்லாக் கடமைக்கும் இசையவில்லை. தனக்கு வந்த 20,000 பவுண்டு மரபுரிமையை உறவினர் மூவரோடு ஒப்பப் பகிர்ந்துகொண்டபின், மனைவியையும் பார்வையையும் ஒரு கையையும் தீயால் இழந்துவிட்ட இராச்செசுட்டரிடம் தானே திரும்புகின்றாள். எவரும் இழுக்காமல், எவரும் தள்ளாமல் திரும்புகின்றாள்.

எனினும் இந்நூலில் ஒரு குறை உண்டு. அதனை மறைத்தல் நடுநிலை ஆகாது. மேல்மாடத்தில் அடைக்கப்பட்ட முதல் மனைவி பெர்த்தாவுக்குப் பேசும் வாய்ப்பே நூலில் இல்லை. அவளைப்பற்றிக் கணவன் சொன்னதே செய்தி. சேனுக்கு வழங்கிய சொல்லுரிமையை ஆசிரியர் அவளுக்கு வழங்கவில்லை. கரிபியத் தீவான தொமினிக்காவில் பிறந்த சீன் இரீசு என்னும் அம்மையார், 1966ஆம் ஆண்டில் 'வைடு சர்காசோ சீ' என்ற புதினத்தை எழுதி, அவளையும் பேசவைத்தார். ஒரு நூலின் குறையை மற்றொரு நூலால் நிரப்புவது உயர்ந்த திறனாய்வாகும்.

இனி, சந்தைக்கென்று செய்யப்படும் காதற் கதைகளைக் காண்போர்க்கு வேறுபாடு விளங்கும். சாமுவேல் இரிச்சர்ட்சன் 1740ஆம் ஆண்டில் எழுதிய 'பமேலா'வில், 15 அகவைப் பணிப்பெண்ணை வீட்டுத் தலைவன் நெருங்குகின்றான். அவள் மறுக்கவே, கடத்திச் சிறைவைக்கின்றான். இறுதியில் அவனே அவளுக்குக் கணவனாகின்றான். இதற்குக் 'கற்புக்குக் கிடைத்த பரிசு' என்று பெயர்! சிறைவைத்தவனே பரிசானால், அவள் கூறிய மறுப்பு விலையை ஏற்றும் பேரமாகத் தாழ்ந்துவிடவில்லையா? 1908ஆம் ஆண்டில் இலண்டனில் தோன்றிக் காதற் கதைகளாலேயே பெயர்பெற்ற மில்சு அண்டு பூன் போன்ற பதிப்பகங்களின் பழைய வெளியீடுகள் பலவற்றிலும் இவ்வச்சையே காணலாம். ஆடவன் கடிந்து பேசுவான், இழிவுபடுத்துவான், இறுதிப் பக்கத்தில் அவையெல்லாம் காதலே என்பான். அவற்றைப் படிக்கும் இளம்பெண், கொடுமையைக் காதலின் அடையாளமாகக் கொண்டுவிடின், அக்கேட்டிற்கு எவர் பொறுப்பு? ஆகவே நூலைத் தடுப்பதால் பயனில்லை. அதனை எடைபோடும் கோலை அவள் கையில் தருதல் வேண்டும்.

அக்கோல் மூன்று வினாக்களால் ஆனது. தலைவிக்கு மறுக்கும் உரிமை உண்டா? அவள் மறுப்பை ஆடவன் கேட்கின்றானா? மறுத்தபின் அவள் நிற்பதற்கு ஓர் இடமும், உண்பதற்கு ஒரு தொழிலும் உண்டா? எம்மொழிக் காதற் கதையையும் இம்மூன்றால் அளக்கலாம். தமிழ்க் காதற் கதைகளையும் அளக்கலாம்.

தமிழர் அகப்பொருள் மரபு இவ்வுரிமையை அன்றே அறிந்திருந்தது. அயலார் பெண்கேட்டு வரும்பொழுது, தலைவியின் உள்ளத்தைத் தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் உரைப்பது அறத்தொடு நிற்றல் எனப்பட்டது. வேண்டாத மணத்தைத் தடுப்பதற்கு 'அறம்' என்றே பெயரிட்டனர்! அம்மரபை மேடையில் போற்றுவோர் இல்லத்தில், பெண்பார்க்க வந்தோர் எழுந்து சென்றபின், 'உனக்கு விருப்பமா?' என்று மகளைக் கேட்போர் எத்துணையர்? கேட்டபின், அவள் விடைக்குக் காத்திருப்போர் எத்துணையர்?

'மாட்டேன்' என்னும் தமிழ்ச்சொல்லை நோக்குக. மறுப்பும் அதிலேயே உள்ளது; மறுப்பவள் இவள்தான் என்று காட்டும் தன்மை விகுதியும் அதிலேயே உள்ளது. 'நான்' என்று தனியே சொல்ல வேண்டுவதில்லை. இத்துணைத் தெளிந்த சொல்லை மொழி அவளுக்குத் தந்திருக்கின்றது. அதனைச் சொல்லும் துணிவைக் கல்வி தரட்டும்; சொன்னபின் நிற்கும் இடத்தைத் தொழில் தரட்டும்; அதனைக் கேட்கும் செவியை ஒவ்வொரு வீடும் தரட்டும்!