குடித்தவர் ஓட்டினால் கொடுப்பவர் யார்?

இந்த அமர்வின் தலைமை நாற்காலிக்கு என்னைவிடப் பொருத்தமான மூவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். குரல் சற்றுத் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கருத்தரங்கின் தலைப்பு, மதுபோதை விபத்துகளில் பொறுப்பும் இழப்பீடும். குடித்து ஓட்டுவதைத் தண்டிக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்ற வரம்பு, சரளா வர்மா, பிரணய் சேத்தி தீர்ப்புகள் தந்த இழப்பீட்டுக் கணக்கு முறை இவற்றையெல்லாம் உங்களிடம் விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். மும்பை கார்ட்டர் சாலை நடைபாதையில் 2006-இல் ஏழு தொழிலாளர்கள் இறந்த வழக்கு உள்ளிட்ட குற்றவியல் பக்கத்தைப் பிற்பகல் அமர்வு பார்த்துக்கொள்ளும்.

என் அக்கறை அதே சட்டத்தின் 150(2)-ஆம் பிரிவு மட்டுமே. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தப் பகுதியில் 1-4-2022 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய 149-இல் இல்லாத ‘மதுபோதையில் ஓட்டுதல்’, காப்பீட்டு நிறுவனத்தின் எதிர்வாதங்களில் ஒன்றாகச் சேர்ந்தது. பாதிக்கப்பட்டவருக்கு இனி நிறுவனம் ஒரு ரூபாயும் தர வேண்டாம் என்று ஒரு சாரார் எழுதிவிட்டார்கள். மறு சாரார் 2023-ஆம் ஆண்டுக் கேரள உயர்நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி, முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலிக்க வேண்டியதுதான் என்கிறார்கள். நானும் அவர்கள் கட்சிதான். ஆனால் அந்த வழக்கின் விபத்து 2013-இல், பழைய சட்டம் இருந்தபோது நடந்தது. அதை அவர்கள் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

நான் நம்பி நிற்பது வேறொரு வாதத்தை. உரிமம் இல்லாதவர் ஓட்டினார் என்ற எதிர்வாதம் நெடுங்காலமாகச் சட்டத்தில் இருக்கிறது. அது இருக்கும்போதேதான் 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு, உரிமையாளரின் கவனக்குறைவை நிறுவனமே நிரூபிக்க வேண்டும் என்றது. நிரூபித்தாலும், கொடுத்துவிட்டு வசூலிக்கச் சொல்லும் வழியைத் திறந்தே வைத்தது. ‘மதுபோதை’ இன்று அதே உட்பிரிவில், அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒன்றுக்கு ஒரு நியாயம், மற்றதற்கு வேறு நியாயமா?

முந்தைய அமர்வு ஒன்றில் என் மதிப்புக்குரிய நண்பர், குடிகாரர் வைத்த கடனைப் பிரீமியம் கட்டும் யோக்கியர்கள் ஏன் அடைக்க வேண்டும் என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். எனக்குப் பதில் சொல்ல நேரமில்லை என்றார்கள். இன்று கடிகாரம் என் கையில். உரிமையாளரிடம் வசூலிக்கத் தனி வழக்கு வேண்டாம், நிறைவேற்று மனு போதும் என்று உச்ச நீதிமன்றம் அதே 2004-இல் சொல்லிவிட்டது. அந்த மனுவோடு நீதிமன்றம் ஏற நிறுவனத்துக்கு வழக்கறிஞர் உண்டு. இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருப்பவருக்கு? நண்பர் மேற்கோள் காட்டிய 2021-ஆம் ஆண்டு பேர்ல் பெவரேஜஸ் தீர்ப்பு, டெல்லியில் எரிந்துபோன ஒரு போர்ஷே காருக்கு அதன் உரிமையாளரே கேட்ட காப்பீட்டுத் தொகை பற்றியது. அதைத் தெருவில் அடிபட்டவர்மேல் ஏவுவது எந்த ஊர் நியாயம்?

நம் ஆய்வுகள் புரட்டாத ஆவணம் ஒன்று உண்டு: அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு, வழக்காடுவோர் மொழியில் ஏ.ஆர். நகல். இரவுப் பணி மருத்துவர் அவசரத்தில் கிறுக்கும் ‘மது வாடை உள்ளது’ என்ற குறிப்பு எம்.சி.ஓ.பி. எனப்படும் மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு விசாரணையில் பெரிய சாட்சியாகிவிடுகிறது. ஓட்டுநருக்கு எதிராக மட்டுமா? நடந்துபோனவரின் நகலில் இருந்தால் அவர் இழப்பீட்டிலும் பங்குக் கவனக்குறைவு என்று கழிக்கப் பார்க்கிறார்கள். நடப்பவருக்கு 185 ஏது? வாடை, தள்ளாட்டம், விரிந்த கண்மணி இவை மட்டும் குடித்ததற்கு முடிவான சான்றாகா என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே ஒரு மதுவிலக்கு வழக்கில் சொல்லியிருக்கிறது. பேர்ல் பெவரேஜஸ் அதை ஓரளவு தளர்த்தியது உண்மை. அங்கே கேட்டவர் காரின் உரிமையாளர் என்பதை மறுபடியும் நினைவூட்டுகிறேன்.

ஆகவே தீர்ப்பாயம் முதலில் தொகையைக் கட்டச் சொல்லட்டும். போதை இருந்ததா, எவ்வளவு, உரிமையாளருக்குத் தெரியுமா என்ற சண்டையை நிறுவனமும் உரிமையாளரும் பிறகு தங்களுக்குள் போட்டுக்கொள்ளட்டும். நண்பர் மறுப்பார், தெரியும். சென்ற முறை எனக்குக் கிடைத்ததைவிட அவருக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகவே ஒதுக்கியிருக்கிறேன்.