மணமக்கள் மணநாளுக்கு முன் சந்திக்கலாமா?

(பங்கின் பொன்விழாவையொட்டி, குடும்ப ஞாயிறு மாலை பங்குத்தந்தை ஆற்றிய உரை)



கோயில் எழுந்த வரலாற்றை நமக்கு முன் பேசியவர்கள் நன்றாகவே சொன்னார்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. ஆனால் இரண்டு வீட்டாரை முகம் திருப்பிக்கொள்ள வைக்கப் போதுமானது. நிச்சயம் முடிந்து, கோயிலில் ஓலை வாசித்த பிறகு, மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்க்கலாமா, பேசலாமா? மணநாளுக்கு முந்தின நாள் இருவரும் சேர்ந்து கோயிலுக்கு வரலாமா? இந்தக் கேள்வியோடு தாய்மார் அறைவீட்டுப் படியேறி வருவது நமக்குப் புதிதல்ல.

‘ஓலை வாசித்தாயிற்று சாமி, இனி பீடத்தில்தான் பார்க்க வேண்டும். அதற்குமுன் பார்த்தால் ஆகாது’ என்கிறார்கள். ஏன் ஆகாது என்று கேட்டால், ‘பெரியவர்கள் சொல்வார்கள்’ என்பதுதான் பதில். மேல்நாட்டிலும் மணநாள் காலையில் மணமகளைக் கண்டால் அபசகுனம் என்ற நம்பிக்கை உண்டு. சகுனம் என்ற காரணத்தை முதலில் தள்ளிவிடுவோம். ஞானஸ்நானம் பெற்றவர்கள் முதல் கற்பனையை அறிவார்கள். அதற்குமேல் அங்கே பேச ஒன்றுமில்லை.

ஆனால் பெரியவர்களின் மனத்தில் சகுனத்தைவிடக் கனமான காரணமும் உண்டு. பழகவிட்ட பின் சம்பந்தம் முறிந்தால் ஊர் யாரைப் பேசும்? பையனையா பேசும்? பெண்ணைத்தான் பேசும். அந்தப் பெண்ணுக்கு அடுத்த வரன் அமைவது எவ்வளவு பாடு என்பதை அவளுடைய தாய் அறிவாள். அந்தப் பயத்தை நாம் கேலி செய்யமாட்டோம். பெண்ணின் மேல் மட்டும் பழிபோடும் ஊர் வாயைக் குறைசொல்லலாமேயன்றி, அந்தத் தாயைக் குறைசொல்ல முடியாது.

சிலர் வேதாகமத்தையே எடுத்து வருகிறார்கள். ‘ஈசாக்கு பார்த்தா கட்டினார்?’ என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. தொடக்க நூல் 24-ஆம் அதிகாரத்தில், வயல்வெளியில் ஈசாக்கு நடந்து வருவதைக் கண்டதும் ரெபேக்கா முக்காட்டால் தன்னை மூடிக்கொள்கிறாள். ஆனால் அதே அதிகாரத்தைச் சற்று முன்னால் போய்ப் பாருங்கள். புறப்படுமுன் அந்தப் பெண்ணை அழைத்து, இந்த மனிதரோடு போகச் சம்மதமா என்று வீட்டார் கேட்கிறார்கள். அவள் தன் வாயால் சம்மதம் சொன்ன பிறகே ஒட்டகங்கள் நகர்கின்றன. இன்னும் ஐந்து அதிகாரம் தாண்டினால் யாக்கோபின் கதை. ராகேலுக்காக ஏழு ஆண்டு உழைத்தவர் விடிந்ததும் பார்க்கிறார். பக்கத்தில் இருப்பவள் லேயா! முகம் பார்க்காத கலியாணத்துக்கு லாபானைப் போன்ற மாமனாரும் வாய்த்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

திருச்சபை இதில் என்ன சொல்கிறது? 1563-ஆம் ஆண்டு திரிதெந்தின் பொதுச்சங்கம், மறைவான திருமணங்களை நிறுத்துவதற்காக, பங்குக் குருவும் சாட்சிகளும் முன்னிற்க வேண்டும் என்று சட்டம் வகுத்தது. மூன்று திருநாட்களில் ஓலை வாசிக்கும் கட்டளையும் அதில் உண்டு. அதே ஆணையில், கோயிலில் குருவின் ஆசீர் பெறுமுன் மணமக்கள் ஒரே வீட்டில் வாழ வேண்டாம் என்று புத்தி சொல்லியிருக்கிறது. திருமணத்துக்கு முன் நல்ல பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்கவும் சொல்லியிருக்கிறது. ஒரே வீட்டில் வாழ வேண்டாம் என்றதே தவிர, முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்னதில் நாம் இன்றைக்கும் இம்மியும் இளகமாட்டோம். பின்னது ஊர் சேர்த்துக்கொண்டது.

1969-இல் வெளிவந்த திருமணச் சடங்குமுறையைப் பாருங்கள். கோயில் வாசலில் குருவானவர் மணமகனையும் மணமகளையும் வரவேற்கிறார். பின் பவனியாகப் பீடத்துக்குச் செல்கிறார்கள். பீடத்தருகில்தான் முதல்முதலாகப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு அந்தச் சடங்கில் இடமே இல்லை.

இனி முக்கியமான பொருளுக்கு வருவோம். தாலியை நாம் மந்திரித்துக் கொடுக்கிறோம். அது நம் நாட்டின் அழகிய வழக்கம். ஆனால் திருமணத்தை உண்டாக்குவது இருவரின் சம்மதமே. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1057-ஆம் எண், அந்தச் சம்மதத்தை வேறெந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய முடியாது என்கிறது. அப்பாவாலும் முடியாது, சாமியாராலும் முடியாது. 1103-ஆம் எண்ணின்படி, வெளியிலிருந்து வரும் வன்முறைக்கோ பெரும் அச்சத்துக்கோ ஆளாகி, தப்ப வேறு வழியின்றிச் செய்யப்படும் திருமணம் செல்லாது.

இதற்காகத்தான் திருமண விசாரணையில் இருவரையும் தனித்தனியே உட்காரவைத்துக் கேட்கிறோம். ‘முழு மனதுதானா அம்மா?’ என்றால், ‘அப்பா சொன்னால் சரிதான் சாமி’ என்ற பதில் வருகிறது. ‘பையனைப் பார்த்தாயா?’ என்றால், ‘காபி கொடுத்தபோது பார்த்தேன்’ என்கிறாள். காபித் தட்டைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்ற பெண் எதைப் பார்த்திருப்பாள்? பையன் குடிப்பானா, கோபக்காரனா, வெளிநாட்டு வேலைக்குப் போனால் அவளை எங்கே விடுவான், அவளுடைய வேலையை விடச் சொல்வானா? இவற்றையெல்லாம் அவள் யாரிடம் கேட்பாள்? தரகரிடமா?

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். சந்திக்கக் கூடாது என்று கட்டுக்காவல் போடும் வீட்டிலேயே, இரவு பன்னிரண்டு மணிவரை கைத்தொலைபேசியில் பேச்சு நடக்கிறது. படம் பிடிப்பவர் கூப்பிட்டால் இருவரையும் கொடைக்கானலுக்கு அனுப்புகிறார்கள். ஏரிக்கரையில் தோளோடு தோள் நிற்கலாமாம். கோயில் பெஞ்சில் உட்கார்ந்து பேசக் கூடாதாம்! படம் பிடிப்பவருக்கு உள்ள உரிமை பங்குக் குருவுக்கு இல்லை போலும்.

ஆகவே நம் தீர்மானம் இது. சந்திக்கட்டும். ஆனால் மறைவில் வேண்டாம், இருட்டில் வேண்டாம், வெளியூரில் வேண்டாம். சந்திப்பதும், ஓலை வாசிக்கக் கொடுக்குமுன் நடப்பது நல்லது. ஏனெனில் வேண்டாம் என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு மனம் வந்தால், அழைப்பிதழ் அச்சாகுமுன் சொல்வது அவளுக்கு எளிது. பந்தல் கால் நட்ட பிறகு அந்தச் சொல் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். மறுநாள் பீடத்தில் கேட்கும்போது அவள் வாயிலிருந்து வருவது பந்தலுக்குச் சொன்ன பதிலாக இருக்கும்.

மணநாள் காலையைப் பற்றி நமக்கு வற்புறுத்தல் இல்லை. அலங்கரித்த பெண்ணைக் கோயிலில்தான் பார்ப்பேன் என்று மாப்பிள்ளை ஆசைப்பட்டால் பார்த்துக்கொள்ளட்டும். அது ஆசை, சட்டமல்ல. ஆனால் முந்தின நாள் மாலை இருவரும் வர வேண்டும். பாவசங்கீர்த்தனத்துக்கும், வார்த்தைப்பாட்டைச் சொல்லிப் பழகவும்தான். வலக்கை கோர்த்துச் சொல்லும் அந்த வார்த்தைகளைப் பாதிப்பேர் நடுக்கத்தில் விழுங்கிவிடுகிறார்கள்.

பெரிய திருநாள் முடிந்ததும் நம் பங்கில் இரண்டு திருமணங்கள் இருக்கின்றன. ஒரு வீட்டார் இசைந்துவிட்டார்கள். மற்ற வீட்டில் பாட்டியம்மாள் ஒருவர் இன்னும் தலையசைக்கவில்லை. அவர்களையும் அன்று மாலை கூடவே அழைத்து வாருங்கள். முன்வரிசையிலேயே உட்காரட்டும். ஜெபமாலை முடிந்ததும் ஆறு மணிக்குத் தொடங்குவோம்.