கயிறும் ஓவியமும்

(தூத்துக்குடியில் துறைமுகத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரையின் சாரம்)



நவீன ஓவியம் என்றாலே "பணக்காரனின் பொழுதுபோக்கு, வெறும் கிறுக்கல்" என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். 1930களில் சோவியத் நாட்டிலேயே இத்தகைய கலைக்கு 'உருவவாதம்' என்று முத்திரை குத்தினார்கள். நாமும் அதையே திருப்பிச் சொன்னோம். அது தவறு என்பதே என் கருத்து.

1912-ல் பாரிஸில் பிக்காசோ முட்டை வடிவத்தில் ஒரு சிறு படம் செய்தார். அதில் பிரம்பு நாற்காலியின் பின்னல் தெரிகிறது. ஆனால் அதை அவர் வரையவில்லை. அந்தப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியை வெட்டி ஒட்டியிருக்கிறார். சுற்றிலும் சட்டத்துக்குப் பதிலாக அசல் கயிறு! இப்படி ஒட்டிச் செய்யும் கலைக்குக் 'கொலாஜ்' என்று பெயர்.

அதன் அச்சுப்படத்தை ஒரு தோழரிடம் காட்டினேன். "இது முறுக்கின கயிறுல்லா அண்ணாச்சி!" என்றார். சரியான இடத்தில் கை வைத்தார்! நம் கடற்கரையில் முத்துக் குளித்தவனுக்குக் கயிறுதான் உயிர். கடலடியிலிருந்து அவன் கயிற்றை அசைத்தால், தோணியில் இருப்பவன் தூக்கியாக வேண்டும். அந்த நினைவோடு பார்ப்பவனுக்கு அப்படம் வேறொன்றாகத் தெரியும்.

அப்படியானால் எவரும் எதையும் சொல்லலாமா? கூடாது. எதன் பக்கத்தில் எது ஒட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதே ஆண்டின் இறுதியில் கித்தார், இசைத்தாள், கோப்பை ஆகியவற்றின் அருகே, போர் மூண்டது என்னும் செய்தித்தாள் துண்டை அவர் ஒட்டினார். அப்போது பால்கன் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அமைதியான அறைக்குள் யுத்தம் நுழைவதாகக் கொள்ளலாம். புதிய கலைக்கான போர் என்போரும் உண்டு. இரண்டுக்கும் படத்திலேயே ஆதாரம் இருக்கிறது.

சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1963-ல் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார். ஜாதகக் கட்டம் போன்ற கோடுகள். மலையாள எழுத்துப் போன்ற வரிகள். ஆனால் படிக்க முடியாது! படித்தவரும் அங்கே திகைத்து நிற்கிறார். கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்த நம் தாய்மார்களின் திகைப்பு அதுதானே? அவர் நினைத்தது எதுவாயினும், எனக்கு அந்த எண்ணமே வருகிறது.

ஆகவே தோழர்களே, இது எதனால் செய்தது, எதன் அருகே எது, எனக்கு எது நினைவுக்கு வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். பார்த்த பிறகு, பிடிக்கவில்லை என்றால் துணிந்து சொல்லுங்கள். அந்த உரிமையும் உழைப்பாளிக்கு உண்டு!